பதினேழாம் மடைக்குக் கீழே

முதலில் சூரியத் தகடுதான் வைத்தோம்.
மயில் வந்து உட்கார்ந்தது.
உட்கார்ந்தால் பரவாயில்லை;
எச்சத்தில் வெயில் அடைபட்டு
நாலாம் நாள் பதினேழாம் எண் பேச்சை நிறுத்தியது.
துடைத்துவிட்டு வந்தேன்.
அடுத்த வாரம் தகடே இல்லை.
கிளுவை வேலியோரம் இரண்டு போல்ட்டு மட்டும்
ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

பிறகு பேட்டரி.
சித்திரையில் அந்தப் பெட்டிக்குள் கைவிட்டுப் பாருங்க.
வெள்ளகோவில் கிளை வாய்க்கால் நெடுக இருபத்தொரு பெட்டி.
மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு ஆள் சம்பளம் போகும்
என்றார் சங்கத்துச் செயலாளர்,
அந்த ஆள் நான்தான் என்பதை மறந்து.

அதனால் தண்ணீரிடமே கேட்டோம்.
மடைப் பலகை தாண்டிக் குழாய்க்குள்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விசிறி.
தண்ணீர் ஓடினால் சுற்றும்.
சுற்றினால் மின்தேக்கியில் கொஞ்சம் சேரும்.
போதுமான அளவு சேர்ந்ததும்
ரேடியோ கண்விழித்து
பால் சொசைட்டி மொட்டைமாடி ஆன்டெனாவுக்குப்
பன்னிரண்டு பைட் சொல்லும்:
இன்ன மடை, இன்ன நேரம், இவ்வளவு ஓடிற்று.
சொல்லிவிட்டுக் கையில் காலணா இல்லாமல்
திரும்பப் படுத்துக்கொள்ளும்.

முறை இல்லாத நாளில் அதற்குச் சோறில்லை,
பேச்சும் இல்லை.
திரையில் சாம்பல் புள்ளி.
சாம்பல் என்றால் எல்லாம் ஒழுங்கு.
இதைப் புரியவைக்க எனக்கு மூன்று கூட்டம் ஆனது.
"பேசாத மிஷினுக்கு எதுக்குங் காசு?"

ஆனி மாதம். மேக்காத்து தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
இரவு இரண்டு நாற்பதுக்குப்
பதினேழு பச்சையானது.
சென்னியப்பனை எழுப்பி வண்டியில் போனேன்.
பலகை முழங்கால் உயரம் தூக்கியிருந்தது, ஆளில்லை.
திருட்டுத் தண்ணியே கூலி கொடுத்து
திருட்டைச் சொல்லவெச்சிருக்குதுங்க என்று
சென்னியப்பன் வழியெல்லாம் சிரித்தான்.

அப்புறம் சாம்பல்.
ஒரு நாள், இரண்டு நாள்.
நான் நன்றாகத் தூங்கினேன்.

யாரோ கணக்குத் தெரிந்தவர்.
ஒற்றை ரூபாய் நாணயம் நுழையும் அளவே
பலகையைத் தூக்கியிருக்கிறார்.
விசிறி சுற்றியும் சுற்றாததுபோல் சுற்றும்.
எண்ண மட்டும் முடியும், பேச முடியாது.
சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதைப்
பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவரும்
குழாய்க்குள் இன்னொன்றும்
ஒரே இருட்டில் செய்துகொண்டிருந்தார்கள்.
பகலில் கொஞ்சம் கசிந்துபோகும்.
மிச்சம் நிற்கும்.

ஐந்தாம் இரவு, மூன்று பத்துக்கு,
ஒரே ஒரு செய்தி.
நாற்பத்தோராயிரம் சுற்று.
யார் என்பது அதில் இல்லை.
யார் என்பதற்கு நாங்கள் பைட் ஒதுக்கவில்லை.

ஒதுக்கவும் வேண்டியதில்லை.
சுற்றிலும் கொறங்காடு கருகிக் கிடக்க
ஒரே ஒரு மக்காச்சோளம் மட்டும் கரும்பச்சையாய் நிற்பது
காங்கயம் பஸ்ஸில் போகிற எவருக்கும் தெரியும்.
கூட்டத்தில் செயலாளர் எண்ணைப் படித்தார்.
எல்லோரும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.
கடைமடையிலிருந்து வந்த ராசாத்தாள் மட்டும்
அந்த எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னார்,
கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார்.
அடுத்தது டீக்கடை பாக்கி.

அடுத்த முறைக்கு முந்தின நாள்
பாசி எடுக்கக் குழாயைத் திறந்தேன்.
பாசி இல்லை.
இலையிடுக்கில் எப்போதும் ஒட்டும் நத்தை
எடுத்துக் கரைக்கல்லில் விடப்பட்டிருந்தது.
அச்சில் தேங்காய் எண்ணெய் வாசம்.

நான் இல்லை.
சென்னியப்பன் பழனிக்குப் போயிருந்தான்.
திறந்தவரா, காத்திருந்தவரா,
இரண்டும் ஒருவரேவா?
விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்,
எனக்காகக் கொஞ்சம் அதில் சேர்ந்திருக்கும்.
பதிவேட்டில் "பராமரிப்பு: ஆயிற்று" என்று எழுதி
கையெழுத்துக் கட்டத்தை
அப்படியே விட்டுவைத்தேன்.